அலமாரியின் முதுகைப் பார்த்தீர்களா?

கேள்வி: மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. கணவரும் நானும் ஆசிரியர்கள். வீட்டில் 800 புத்தகங்கள் வரை இருக்கின்றன, பாதி அட்டைப்பெட்டியில், பாதி கட்டிலுக்கு அடியில். காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி பார்த்தோம். ஆறரை அடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்து தட்டு. "நூறு வருஷத்து பர்மா தேக்கு" என்று சொல்லி 70,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். கீழ்த்தட்டில் கொஞ்சம் மரப்பொடி கிடந்தது. கேட்டதற்கு, "பழசுன்னா அப்படித்தான்மா" என்றார். வாங்கலாமா? இன்னொன்று, மாமனார் ஊரில் ஒரு பழைய மர பீரோ மாட்டுத்தொழுவத்தில் கிடக்கிறது. ஒரு கால் மக்கிவிட்டது, சாவி இல்லை. கறுப்பாக, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். விறகுக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஊருக்கு ஒரு போன் போட்டு, அந்த பீரோவில் யாரும் கோடாலி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், காரைக்குடி அலமாரியைவிட அது நல்ல மரமாக இருக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

பழைய மரச் சாமான்களைப் பழுது பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப நல்லது. கடையில் நீங்கள் பார்த்ததெல்லாம் அலமாரியின் முகத்தை. கண்ணாடி, பித்தளைக் குமிழ், மேலே வளைத்துச் செதுக்கிய சட்டம் எல்லாம் முகம். அதன் முதுகைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆனால் முதுகுக்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் புத்தகங்களில் இருபதை எடுத்து நெருக்கமாக அடுக்கி டேப்பால் அளந்து பாருங்கள். டெமி, கிரவுன் அளவில் வரும் சாதாரணத் தமிழ்ப் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று கூடக்குறைய இருந்தாலும், சராசரியாக ஒன்று 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 800 புத்தகத்துக்கு 16 மீட்டர், கிட்டத்தட்ட 52 அடி நீளம் வேண்டும். நாலடி அலமாரியில் சட்டம் போக உள்ளே மூன்றே முக்கால் அடி கிடைத்தால் அதிகம், ஐந்து தட்டுக்கும் சேர்த்து 19 அடிகூட வராது. ஒரு வரிசையாக வைத்தால் 285 புத்தகம், அவ்வளவுதான். மீதி 500 புத்தகம் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்தான்.

ஒன்றரை அடி ஆழம் இருக்கிறதே, இரண்டு வரிசையாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். டெமி புத்தகத்தின் அகலமே ஐந்தரை அங்குலம்தான், புத்தக அலமாரிக்கு ஒன்பது பத்து அங்குல ஆழம் தாராளம். ஒன்றரை அடி ஆழத்தில் செய்ததென்றால் துணிக்கோ பாத்திரத்துக்கோ செய்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பின்வரிசைக்குப் போன புத்தகத்தை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை, அதைப் பார்க்கப்போவது ராமபாணப் பூச்சி மட்டும்தான்.

அதோடு எடை இருக்கிறது. ஒரு அடி நீளத்துக்குப் புத்தகம் சுமார் பத்து கிலோ வரும். நாலடித் தட்டில் ஒரு வரிசைக்கு நாற்பது கிலோ, இரண்டு வரிசை என்றால் எண்பது. தட்டு தொய்வது பலகையின் கனத்தையும் நீளத்தையும் பொறுத்தது, அதில் நீளம்தான் பெரிய ஆள். அடிக்கு இத்தனை கிலோ என்று ஒரே சீராகப் புத்தகம் அடுக்கிய தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும். முக்கால் அங்குலப் பலகை இரண்டடி நீளத்தில் அசையாமல் நிற்கும், அதே பலகை நாலடியில் முதல் வருஷமே வயிறு தள்ளும், தேக்கானாலும் சரி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு தையல் நூல் கொண்டுபோங்கள். தட்டின் முன் விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்துப் பிடித்தால் நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கழற்றக்கூடிய தட்டாக இருந்தால் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே சில வருஷத்தில் நேராகும். இல்லாவிட்டால் தட்டுக்கு நடுவில் ஒரு சிறிய தாங்குகட்டை, அதற்கு நேர் கீழே அடுத்த தட்டிலும் ஒன்று, இப்படித் தரை வரைக்கும் கொண்டுவந்தால் போதும். ஒரு தட்டோடு நிறுத்தினால் அந்தச் சுமை அடுத்த தட்டின் தலையில் இறங்கிவிடும்.

சரி, இப்போது முதுகு. கடைக்காரரிடம் சொல்லி அலமாரியைச் சுவரைவிட்டு இழுக்கச் சொல்லுங்கள், தயங்கினால் அதுவே உங்களுக்குப் பாதி பதில். பின்பக்கம் பிளைவுட் என்றால் ஒன்று அலமாரி பிற்காலத்தது, இல்லை முதுகு மாற்றியது, இரண்டில் எதுவானாலும் விலையைக் குறைத்துப் பேசலாம். பழைய முதுகு பலகை பலகையாகச் சேர்த்து இருக்கும், நாம் பார்க்கப்போவதில்லை என்று ஆசாரி அதை வழவழவென்று இழைத்திருக்க மாட்டார். டார்ச்சைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்தால் வாள் அறுத்த கோடுகள் தெரியும். கைவாள் என்றால் கோடுகள் நேராக ஓடினாலும் ஒன்றுக்கொன்று சரிந்து ஒழுங்கில்லாமல் இருக்கும், வட்டவாள் மிஷினில் அறுத்திருந்தால் பிறை பிறையாக வளைந்திருக்கும். விரல் நுனியால் தடவினாலே இழைப்புளி விட்டுப்போன மேடுபள்ளம் தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள். மரம் குறுக்கு வாட்டில் சுருங்கும், நீள வாட்டில் சுருங்காது. அதனால் உண்மையிலேயே பழைய கதவில், சட்டத்துக்குள் சொருகிய பலகை கொஞ்சம் சுருங்கி, ஓரத்தில் பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று நூல் போலத் தெரியும். எனக்கு ஒரு சாமான் மேல் நம்பிக்கை வருவது பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான்.

டிராயர் இருந்தால் முழுசாக வெளியே உருவிப் பாருங்கள். மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், கையால் வெட்டியது என்றால் ஒரு பல் போல இன்னொன்று இருக்காது. எல்லாம் அச்சு வார்த்தது போல இருந்தால் மிஷின் வேலை. கீலில் இருக்கும் திருகாணியின் தலையில் கூட்டல் குறி போட்ட மாதிரி வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, நூறு வருஷத்து அலமாரியில் அது இருந்தால் யாரோ கீலை மாற்றியிருக்கிறார்கள் அல்லது வயது பொய். கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தபடியே தலையை இப்படியும் அப்படியும் அசையுங்கள். பழைய கண்ணாடியில் பிம்பம் நெளியும், உள்ளே சின்னக் குமிழிகளும் இருக்கலாம். ஒரு நெளிவுகூட இல்லாத தட்டையான ஃப்ளோட் கண்ணாடியை இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி 1959-இல்தான் அறிவித்தது. ஒரு கதவில் பழைய கண்ணாடி, மறு கதவில் புதுசு என்றால் கவலையே வேண்டாம், அது ஒரு வீட்டில் பிள்ளைகளோடு வாழ்ந்த அலமாரி.

"பர்மா தேக்கு" விஷயம். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு வந்தது உண்மை, நகரத்தார் அங்கே தொழில் செய்தார்கள், மரம் கப்பலில் வந்தது. அதனால் காரைக்குடியில் அந்த வார்த்தைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆனைமலைத் தேக்கும், 1840களில் கானலி என்ற மலபார் கலெக்டர் காலத்தில் தோட்டம் போட ஆரம்பித்த நிலம்பூர்த் தேக்கும், பர்மா தேக்கும் ஒரே இனம்தான். பாலிஷ் போட்ட பலகையைப் பார்த்து இது இந்த ஊர்க் காட்டு மரம் என்று சத்தியம் பண்ண என்னாலும் முடியாது, அந்தக் கடைக்காரராலும் முடியாது. ஆகவே பர்மா என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள், மரத்துக்குக் கொடுங்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டையா, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிறிய மரம்) கலந்ததா என்று பாருங்கள். தட்டின் அடிப்பக்கம் பாலிஷ் இல்லாத இடத்தில், கடைக்காரரைக் கேட்டுவிட்டு, நகத்தளவு சுரண்டி மோந்து பார்த்தால் தேக்குக்குப் பழைய தோல் பை போல ஒரு வாசனை இருக்கும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையும் தெரியும். வேறு மரத்தில் தேக்கு நிறச் சாயம் ஏற்றியிருந்தால் அந்தச் சுரண்டலிலேயே உள்நிறம் வெளியே வந்துவிடும்.

அப்புறம், பழைய மரத்தில் செய்த புதிய அலமாரி என்று ஒரு வகை இருக்கிறது. இடித்த வீட்டின் நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் அறுத்துச் செய்வது. மரம் அருமையாக இருக்கும், சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை, நானே சிலருக்கு அதைத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நூறு வருஷ விலை கொடுக்கக்கூடாது. சம்பந்தமே இல்லாத இடத்தில் அடைத்த ஆணி ஓட்டை, எதுவும் சொருகாத வெறும் துளை, பாதியில் அறுபட்ட செதுக்கல், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அந்த வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பொடி. "பழசுன்னா அப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மைதா போல வழுக்கினால் துளைவண்டு, பக்கத்தில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டைகள் இருக்கும். கசகசா போல உருண்டை உருண்டையாக உருண்டால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானின் எச்சம், அது இன்னும் மோசம், ஏனென்றால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே கூடாகிவிடும். மண் கோடு போட்டு ஏறும் சாதாரணக் கரையான் தரையிலிருந்து வருவது, சாமானை அங்கிருந்து அகற்றினாலே அதன் வழி அறுந்துவிடும். எதுவாக இருந்தாலும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய ஓட்டையிலிருந்து பழைய பொடி அலமாரியை ஆட்டும்போது கொட்டத்தான் செய்யும். கீழ்த்தட்டைத் துடைத்துவிட்டு ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்துவைத்து, மூன்று நான்கு வாரம் ஆட்டாமல் விடச் சொல்லுங்கள். காகிதத்தில் புதுப்பொடி குவியல் குவியலாக விழுந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. அப்படிப்பட்டதை மற்ற மரச் சாமான்களும் புத்தகங்களும் இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பூச்சிக்கொல்லிக் கம்பெனியிடம் கொடுத்து, மூடிக்கட்டிப் புகை மருந்து போட்ட பிறகு வாங்குவதாகச் சொல்லுங்கள், செலவு கடைக்காரருடையது. மண்ணெண்ணெய் தடவித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது மேலோடு நின்றுவிடும், நாற்றமும் போகாது, பின்னால் போடும் பாலிஷும் பிடிக்காது. துளைவண்டுக்குப் பெரும்பாலும் வெள்ளைதான் இரை, வைரத்தை அது சீந்தாது. ஓட்டைகள் ஓரத்து வெள்ளையில் மட்டும் இருந்தால் நான் பயப்படமாட்டேன். சட்டத்தின் மூட்டில் இருந்தால் வாங்கமாட்டேன்.

எனவே காரைக்குடி அலமாரிக்கு என் பதில்: முதுகும் தட்டும் நன்றாக இருந்து பொடியும் பழசு என்றால் அது வாங்கத் தகுந்த சாமான்தான், ஆனால் உங்கள் புத்தகத்துக்குச் சரியான சாமான் அல்ல. உங்களுக்கு வேண்டியது ஆழம் குறைந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்னொரு நாள் சாவகாசமாகச் சுற்றி, வக்கீல் அலமாரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றின்மேல் ஒன்று பெட்டியாக அடுக்குவது, கண்ணாடிக் கதவை மேலே தூக்கி உள்ளே தள்ள வேண்டும், பழைய வக்கீல் ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் சின்சினாட்டியின் குளோப்-வெர்னிக்கி கம்பெனியால் பிரபலமான வடிவம் அது, இங்கேயும் பட்டறைகளில் அதே மாதிரி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் மூன்றடிக்குள் இருப்பதால் தட்டு தொய்யாது, உங்கள் மாடிப்படியில் ஒருவரே தூக்கி வந்துவிடலாம், பணம் சேரச்சேர ஒவ்வொன்றாக வாங்கலாம். வாங்கும்போது கதவைப் பத்துத் தடவை தூக்கி இறக்கிப் பாருங்கள், ஒரு பக்கம் முந்திக்கொண்டு சிக்கினால் உள்ளே இருக்கும் வழிகாட்டி தேய்ந்திருக்கிறது.

தொழுவத்து பீரோவுக்கு வருகிறேன். கறுப்பு, அசைக்க முடியாத கனம் என்று சொன்னதுமே எனக்குத் தோதகத்திதான் நினைவுக்கு வந்தது, ஈட்டி, ரோஸ்வுட் என்றும் சொல்வார்கள். புகையும் சாணப் புழுதியும் படிந்த தேக்காகவும் இருக்கலாம். ஈரத்துணியால் ஓர் இடத்தை அழுத்தித் துடைத்து, கதவின் உள்விளிம்பில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஊதா கலந்த பழுப்பில் கறுப்பு வரி ஓடி, லேசாக ஒரு இனிப்பு வாசனை வந்தால் தோதகத்தி. தமிழ்நாட்டில் தோதகத்தி மரங்களைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள், புதிதாக அந்தத் தரத்தில் மரம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். ஊர்களில் இப்படிப்பட்ட பீரோக்கள் தொழுவத்துக்குப் போனதற்குக் காரணமும் இருக்கிறது. 1923-இல் கோத்ரெஜ் இரும்பு பீரோ வந்தது, பிற்பாடு கல்யாணச் சீர் என்றாலே இரும்பு பீரோ என்றாகி, மர பீரோ பத்தாயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மக்கிய கால் ஒரு குறையே இல்லை. நல்ல ஆசாரி மக்கின பாகத்தை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, அதே மரத்தில் ஒட்டுக் கொடுப்பார். எனக்கு இப்படி வந்த பீரோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஆறு அங்குலம்தான் போயிருந்தது, மேலே ஆறடியும் இரும்பு மாதிரி நின்றது. சாவி இல்லையென்று பூட்டை உடைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே திண்டுக்கல் இருக்கிறது, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர், பூட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் பழைய பூட்டுக்குச் சாவி போட்டுத்தரும் கைகள் அங்கே இன்னும் உண்டு.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. பாலிஷ் போடுகிறேன் என்று யாராவது அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கழுவிவிடக்கூடாது. ஒருமுறை என்னிடம் ஒரு கண்ணாடி பீரோ வந்தது, எங்கேயோ கொடுத்து அப்படிக் கழுவி வாங்கியிருந்தார்கள். தேக்கு கரிக்கட்டை நிறத்துக்குப் போய், மூட்டுகளில் இருந்த வச்சிரம் (ஆசாரிகள் காய்ச்சிப் போடும் பழைய காலத்துப் பசை) கரைந்து, கதவைத் திறந்தால் சட்டம் கையோடு வந்தது. தாத்தா வாங்கியது என்று சொல்லி அந்த வீட்டம்மா அழுதார். மூட்டுகளை மறுபடி ஒட்டினேன், நிறத்தை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை. பழைய பாலிஷ் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுக்கும், பிசுபிசுத்தால் அரக்குதான், சுரண்டாமலேயே அதன்மேல் புதுப்பித்துவிடலாம். ஆடும் மூட்டுக்கு ஃபெவிகால் ஊற்ற வேண்டாம், வச்சிரத்தையே சூடாக்கிப் போடும் ஆசாரி கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். வச்சிரம் போட்ட மூட்டை நாளைக்கு வெந்நீரும் சூடும் காட்டி மறுபடி பிரிக்கலாம்.

ஆழமான அந்த பீரோ புத்தகத்துக்கு ஆகாது, உங்கள் துணிமணிக்கும் பத்திரத்துக்கும் ஆகும். இரும்பு பீரோ இருக்கும் இடத்தில் இது நிற்கட்டும். மாடிக்கு ஏற்றுவதற்கு முன், தலைப்பகுதியும் அடிப்பீடமும் தனியாகக் கழலுமா என்று உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பெரிய பழைய பீரோக்களில் திருகாணியோ ஆப்போ வைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். வீட்டில் மழைத்தண்ணீர் ஊறும் வெளிச்சுவரில் சாய்க்காமல், சுவருக்கும் முதுகுக்கும் இரண்டு அங்குலம் இடம்விட்டு, பிள்ளைகள் ஏறினாலும் கவிழாதபடி மேலே ஒரு எல் பட்டை வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கதவு இறுகிக்கொள்ளும், உடனே ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்லாதீர்கள், சித்திரையில் அதே கதவு விரல் நுழைகிற இடைவெளியோடு நிற்கும். புத்தக அலமாரியில் தட்டுக்கு ஒரு வசம்புத் துண்டு போட்டு, கண்ணாடிக் கதவை வாரம் ஒருமுறை அரைமணி நேரம் திறந்து வையுங்கள்.

பிற்காலத்தில் பிள்ளைகள் யாராவது வெளிநாட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டால் மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தோதகத்தி சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களுக்கு 1972-இன் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டார்ச், டேப், ஈரத்துணி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பீரோவைத் தொழுவத்திலிருந்து நிழலான திண்ணைக்கு மாற்றச் சொல்லுங்கள், வெயிலில் காயவைக்க வேண்டாம், சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். பிறகு எனக்கு நாலு படம் அனுப்புங்கள்: முதுகு, அடிப்பக்கம், மக்கிய கால், சுரண்டின இடம். பார்த்துவிட்டு எந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதுகிறேன்.